உத்கம் தளம்: சொல்லாமல் போனவரின் கணக்கைத் துருவ உதவுமா?

இறந்துபோன புருஷனின் ரகசிய வாழ்க்கையைத் தேடிப் போகும் மனைவி சினிமாவில் துப்பாக்கி எடுப்பாள். சென்னை காசிமேட்டில் ஜெராக்ஸ் எடுப்பாள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் போட்ட டெபாசிட்டைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் திறந்த உத்கம் (UDGAM) இணையதளம் நல்ல ஆயுதம்தான். ஆனால் குறி பழைய கணக்குகளுக்கு மட்டும்.

10 ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடந்து, ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்ட கணக்குகளே இதில் வரும். போன மாதம் இறந்தவரின் ஓடிக்கொண்டிருந்த கணக்கு வராது. தபால் ஆபீஸ் சேமிப்பு, சீட்டுப் பணம் எதுவும் வராது. 'இல்லை' என்று வந்ததும் மூடிவைத்துவிட வேண்டாம்.

கைப்பேசி எண், பெயர், ஓடிபி கொடுத்துப் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. இறந்தவரின் பெயரோடு பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பிறந்த தேதி இவற்றில் ஒன்றாவது வேண்டும். தடுக்குவது இங்கேதான். பழைய கணக்குகள் பலவற்றில் பான் ஏறியிருக்காது, அதனால் பானோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் வேறு பிறந்த தேதி இருந்தால் அதையும். இனிஷியல் நம் ஊர்த் தலைவலி: 'ஆர். முருகன்', 'முருகன் ஆர்', அப்பா பெயரை விரித்தெழுதிய 'முருகன் ராமசாமி' மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். பாஸ்புக்கில் சிண்டிகேட் வங்கி என்றிருந்தால் கனரா, ஆந்திரா வங்கி என்றால் யூனியன், அலகாபாத் வங்கி என்றால் இந்தியன் வங்கி. இவை 2020 ஏப்ரலில் இணைந்தவை.

கிடைத்தால் ஒரு குறியீட்டு எண்ணும் வங்கியின் பெயரும் வரும். பணத்தை வங்கியில்தான் கேட்க வேண்டும். வட்டி தரும் கணக்காக இருந்தால், நிதிக்குப் போன பிறகான காலத்துக்கு இப்போது ஆண்டுக்கு 3 சதவீதம் தனி வட்டி. மொத்தத்தில் இந்தத் தளத்துக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் போடலாம்.

மீதி இரண்டு மதிப்பெண்ணுக்கான வேலை வீட்டுக்குள் இருக்கிறது. அவருடைய சிம்மை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். வங்கிக் குறுஞ்செய்திகள் அதில்தான் வரும். தெரிந்த கணக்கின் ஸ்டேட்மென்டை குறைந்தது ஒரு வருடத்துக்கு வாங்குங்கள். லாக்கர் வாடகையும் பல பாலிசிகளின் பிரீமியமும் வருடத்துக்கு ஒருமுறைதான் பிடிப்பார்கள், மூன்று மாதத் தாளில் அவை சிக்காமல் போகலாம். மறந்த மியூச்சுவல் ஃபண்டுக்கு மித்ரா என்று தனித் தளம் உண்டு. சேட்டுக் கடை அடகு ரசீதுக்குத் தளம் கிடையாது. பர்ஸ், பீரோ, சாமி படத்தின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள்.

நாமினி இடத்தில் தெரியாத பெயர் இருந்தால்? வங்கி அவரிடம்தான் பணத்தைக் கொடுக்கும். ஆனால் நாமினி வெறும் காவலர், உரிமை வாரிசுகளுக்கு. உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், இறந்தவரின் தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். மனைவி உயிரோடிருக்க, விவாகரத்தும் இல்லாமல் கட்டிய இன்னொரு தாலி செல்லாது, அந்த இரண்டாவது பெண்ணுக்குப் பங்கில்லை. அவள் பிள்ளைகளுக்கு அப்பாவின் சொத்தில் பங்குண்டு. அப்படி ஒரு குடும்பம் வெளிப்பட்டால் வாரிசுச் சான்றிதழுக்காகத் தண்டையார்பேட்டை தாலுகா ஆபீசுக்கு நடப்பதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். தகராறு வந்துவிட்டால் தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழோடு முடியாது, நீதிமன்றம்தான். தகராறு இல்லையா, இ-சேவை மையத்தில் மனு போடுங்கள். மாமியார் பெயரை விட்டுவிடாதீர்கள்.