சவரத்தில் பவுடர்: முன்னா, பின்னா?

சவரத்தில் டால்கம் பவுடருக்கு இரண்டு இடம் உண்டு. மின்சார ஷேவரை முகத்தில் வைப்பதற்கு முன் பூசுவது ஒன்று, எல்லாம் முடிந்தபின் பூசுவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ‘பவுடர் நல்லது’, ‘பவுடர் கூடாது’ என்று பேசிவிடுகிறோம். ஆனால் முன்னால் பூசும்போது அதற்குப் போட்டி ஒரு பொருள், பின்னால் பூசும்போது வேறு பொருள்கள். என் கணக்கில் முதல் இடத்தில் பவுடர் ஜெயிக்கிறது, இரண்டாவதில் தோற்கிறது.

முதலில் மின்சார ஷேவர். ஜேக்கப் ஷிக் தன் மின்சார ரேசரை 1931-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, தண்ணீரும் சோப்பும் இல்லாமல் சவரம் செய்வதுதான் அதன் நோக்கம். அதற்குத் தோல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். முழுக்க நனைந்த முகத்தில் நுரை போட்டு ஓட்டும் ஷேவர்கள் இப்போது இருக்கின்றன, அது தனிக் கதை. உலர் சவரத்துக்குப் பெரிய தொல்லை அரைகுறை ஈரம்தான். குளித்துவிட்டு வந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும், துடைத்தும் இருப்போம், ஆனாலும் தாடைக்கு அடியில் லேசான பிசுபிசுப்பு இருக்கும். அங்கே ஷேவர் வழுக்காது, தோலை இழுக்கும். ஒரே இடத்தில் நாலு தடவை ஓட்டுவோம். மாலைக்குள் கழுத்து சிவந்துவிடும்.

இந்தப் பிசுபிசுப்பைப் போக்க இரண்டு வழி. ஒன்று ப்ரீ ஷேவ் லோஷன். பெரும்பாலும் ஆல்கஹால் கலந்தது. பூசியதும் ஆவியாகும், தோலின் எண்ணெய்ப் பசையையும் குறைக்கும். எண்ணெய் வழியும் முகத்துக்கு இது பவுடரைவிட நன்றாகவே வேலை செய்யும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே வறண்ட தோல் என்றால் எரியும். தினமும் பூசினால் இன்னும் வறளும். அது காய்வதற்கு முன் அவசரப்பட்டு ஷேவரை வைத்தால் பழைய இழுப்பே திரும்பி வரும்.

பவுடர் எரியாது, காத்திருக்கவும் வேண்டாம். டால்க் என்பது நீரேறிய மெக்னீசியம் சிலிக்கேட். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 1, அதாவது ஆக மென்மையானது, நகத்தால் கீறலாம். ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும் மெல்லிய தகடுகளாக அமைந்திருப்பதால்தான் விரலுக்கு அவ்வளவு வழுவழுப்பு. பிசுபிசுப்பை எடுத்துவிட்டு அந்த வழுக்கலைத் தோலுக்குத் தருகிறது. கழுத்தில் லேசாகப் பூசிவிட்டு ஓட்டிப் பாருங்கள், ஷேவரின் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்.

பவுடருக்கும் ஒரு குறை உண்டு. மயிர்த்தூள், தோலின் எண்ணெய், பவுடர் மூன்றும் சேர்ந்து ஷேவரின் தலைக்குள் அப்பிக்கொள்ளும். அப்படியே விட்டால் ஓட்டம் மந்தமாகும், தலை சீக்கிரம் சூடாகும். அதனால் பவுடர் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் தலையைக் கழற்றித் தட்டி, பிரஷால் துடைத்தே ஆக வேண்டும். தண்ணீரில் கழுவக்கூடிய ஷேவராக இருந்தாலும் முதலில் பிரஷ், அப்புறம்தான் தண்ணீர். இந்த வேலைக்குப் பொறுமை இல்லையென்றால் லோஷனே மேல்.

பிளேடு சவரத்துக்கு முன் பவுடர் வேண்டவே வேண்டாம். தாடி மயிர் வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால்தான் இளகும். பவுடர் அதற்கு நேர் எதிர்.

சரி, சவரம் முடிந்தபின்? இங்கே போட்டிக்கு மூன்று பேர்: படிகாரம், ஆஃப்டர் ஷேவ் லோஷன், கிரீம் போல இருக்கும் ஆஃப்டர் ஷேவ் பாம் (balm). சிறு கீறலில் ரத்தம் நிற்கப் படிகாரம் போதும், தோலைச் சுருக்கி உடனே அடைத்துவிடும். ஆல்கஹால் லோஷன் சில்லென்று இருக்கும், ஆனால் எரியும், உலர்த்தும். பிளேடு பட்ட தோலுக்கு என் ஓட்டு பாமுக்குத்தான். சவரத்தில் தோல் இழந்த ஈரத்தைக் காப்பது இந்த மூன்றில் அது ஒன்றே. பவுடரோ மிச்ச ஈரத்தையும் உறிஞ்சும், முகம் நனைந்திருந்தால் வெள்ளைப் பசையாகத் திரளும்.

அதைவிட முக்கியமானது, கீறல் விழுந்த இடத்தில் பவுடர் போகக்கூடாது. ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்கள் தங்கள் கையுறைகளில் டால்க் தூவினார்கள். அந்தத் தூள் உடலுக்குள் தங்கிக் கட்டிகளை உண்டாக்கியதால் சோளமாவுக்கு மாறினார்கள். அதுவும் தொந்தரவு தரவே, பவுடர் தடவிய மருத்துவக் கையுறைகளுக்கு அமெரிக்கா 2017-ல் தடையே போட்டது. சவரக் கீறல் அறுவைச் சிகிச்சை அல்லதான். இருந்தாலும் திறந்த தோலில் தூளைத் தேய்க்க ஒரு காரணமும் இல்லை. முகம் நன்றாக உலர்ந்தபின், சட்டைக் காலர் உரசும் இடத்தில் மட்டும், கீறல் இல்லையென்றால் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம்.

பவுடர் என்று முடிவு செய்தால், டால்க்கா சோளமாவா? உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024 ஜூலையில் டால்க்கை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறது, எவ்வளவு பூசினால் ஆபத்து என்பதை அல்ல. நிலத்தடியில் டால்க்குக்குப் பக்கத்திலேயே, புற்றுநோய் உண்டாக்கும் கனிமமான ஆஸ்பெஸ்டாஸ் கிடைப்பதும் பழைய கவலை. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் குழந்தைப் பவுடரில் டால்க்கை 2020-ல் வட அமெரிக்காவிலும் 2023-ல் உலகம் முழுவதும் கைவிட்டு, சோளமாவுக்குப் போனது.

வழுக்கலில் சோளமாவு டால்க்குக்கு ஈடில்லை, வேர்வை அதிகமானால் உருண்டு திரளும். ஆனால் காலை நேரப் பிசுபிசுப்புக்கு அது போதும் என்று கண்டு, நான் அதற்கே மாறிவிட்டேன். எதுவானாலும் டப்பாவை முகத்துக்கு நேரே தட்டாதீர்கள். முகத்தைவிட்டுத் தள்ளி, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டி, இரு கையிலும் தேய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுத்திலும் தாடையிலும் தடவுங்கள். தோலில் வெள்ளை தெரிந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள்.