கொரியாவுல ஃப்ரீயா சுடுறதுக்கு என்ன விலை: சடன் அட்டாக், வேலரண்ட், பப்ஜி, ஓவர்வாட்ச்

ஃப்ரீ கேம்னு சொன்னாலே "அப்போ காசு எங்க எடுக்குறான்"னு கேக்குறது நம்ம பழக்கம், சரியான கேள்விதான், ஆனா கொரியா மார்க்கெட்ட கொஞ்ச வருஷமா பாத்துட்டு வர்றதுல எனக்கு அந்த கேள்வி பத்தல. குடுக்குற காசுக்கு துப்பாக்கி வருதா இல்ல துப்பாக்கி மேல அடிக்கிற பெயிண்ட் வருதா, குடுக்குறதுக்கு முன்னாடியே என்ன வரும்னு தெரியுதா, இந்த ரெண்டையும் சேத்து கேட்டாதான் ஒரு கேமுக்கும் இன்னொரு கேமுக்கும் உள்ள வித்தியாசம் புரியுது. அதனால அங்க பீசி பாங்ல ஒண்ணோட ஒண்ணு மோதுற நாலு ஷூட்டர எடுத்து இந்த கண்ணோட்டத்துல மட்டும் அலசுறேன், கிராஃபிக்ஸ் எது நல்லாருக்கு எந்த துப்பாக்கி நல்லா அடிக்குதுன்னெல்லாம் போகல.

பீசி பாங் பத்தி முதல்ல சொல்லிடணும், அது இல்லாம மிச்ச கதை நிக்காது. நம்மூர் பழைய பிரவுசிங் சென்டர் மாதிரிதான், ஆனா பெரிய ஸ்க்ரீன், நல்ல சேர், உக்காந்த இடத்துலயே ராம்யன் நூடுல்ஸ் ஆர்டர் பண்ணலாம், ஒரு மணி நேரத்துக்கு 1000ல இருந்து 1500 வோன் வரைக்கும் ஆகும். அந்த காசுல ஒரு பங்கு கேம் கம்பெனிக்கு போகுது, எவ்ளோ நேரம் எந்த கேம் ஓடுச்சோ அதுக்கேத்த மாதிரி கடைக்காரர் கட்டுறாரு. அதனால கம்பெனிங்க "வீட்ல இருந்து ஆடாத, பீசி பாங் வந்து ஆடு, உனக்கு எக்ஸ்ட்ரா தர்றேன்"னு ஆசை காட்டுறாங்க. எல்லா கேரக்டரும் திறந்திருக்கும், அனுபவப் புள்ளி கூட வரும், சில கேம்ல துப்பாக்கியே தனியா குடுப்பாங்க. அதாவது கேம் ஃப்ரீதான், ஆனா நீ உக்கார்ற நாற்காலிக்கு குடுக்குற காசுலயே, கேமுக்குள்ள சின்னச் சின்னதா குடுக்குற காசு மாதிரி, ஒரு மைக்ரோ டிரான்சாக்‌ஷன் ஒளிஞ்சிருக்கு. இத கணக்குல எடுக்காம "வேலரண்ட் சுத்தமான கேம், சடன் மோசம்"னு பேசுறது பாதி கணக்குதான்.

சடன் அட்டாக்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா இதுதான் பெரியண்ணன். 2005ல கேம்ஹைன்னு ஒரு கம்பெனி விட்டது, அப்போ நெட்மார்பிள்தான் நடத்துச்சு, 2010ல நெக்ஸான் அந்த கம்பெனியவே வாங்கிருச்சு, அடுத்த வருஷம் கேம் நெக்ஸான் கைக்கு வந்துச்சு. பீசி பாங் ரேங்கிங்ல தொடர்ந்து 106 வாரம் முதலிடத்துல இருந்த கேம் இது, ரெண்டு வருஷத்துக்கு மேல! மூணாவது சப்ளை டெப்போ மேப்ப கண்ண மூடிட்டு ஓடுற ஆளுங்க அங்க ஒரு தலைமுறையே இருக்கு. லேசான கேம், பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும், உள்ள போனா மூணு நிமிஷத்துல சண்ட. அதோட பலம் அதுதான், இன்னைக்கும் அதுதான்.

காசு விஷயத்துல இது அந்த கால கொரியன் ஷூட்டர்களோட வழி. துப்பாக்கிய 7 நாள், 30 நாள்னு வாடகைக்கு எடுக்குற மாதிரி எடுப்ப, நாள் முடிஞ்சா போயிரும். நிரந்தரமா வேணும்னா கேஷ் ஐட்டம், இல்லன்னா கேப்சூல், பெட்டி, அதாவது உள்ள என்ன வரும்னு தெரியாமலே காசு குடுத்து திறக்குறது. துப்பாக்கி வெறும் கலர் மாறுறதில்ல, ஸ்பெக்கும், அதாவது அதோட திறனும், கொஞ்சம் மாறும்னு ஆடுறவங்க ரொம்ப நாளா புலம்புறாங்க. காசு போட்டு ஆடுறத அங்க "ஹ்யோன்ஜில்"னு சொல்லுவாங்க, ஒரு பைசா போடாம ஆடுறவன "மூ-க்வாகும்"னு சொல்லுவாங்க, கம்பெனி சொல்றதுக்கெல்லாம் தலையாட்டி காசு போடுறவனுக்கு "ஹோகேங்". ஏமாளி கஸ்டமர்னு அர்த்தம். ஒரு மொழியில இதுக்குன்னு தனியா மூணு வார்த்த ஓடுதுன்னா அந்த விஷயம் எவ்ளோ ஆழமா போயிருக்குன்னு பாத்துக்கங்க.

2016 சடனுக்கு கெட்ட வருஷம். ஜூலையில சடன் அட்டாக் 2 வந்துச்சு, நாலு வருஷம் செலவு பண்ணி எடுத்தது, பெண் கேரக்டர்கள காட்டுன விதத்துக்கு பெரிய எதிர்ப்பு வந்து செப்டம்பர் கடைசியில கடையவே மூடிட்டாங்க, மூணு மாசம்கூட ஓடல. அதே வருஷ கடைசியில பழைய சடன்ல "செலிபிரிட்டி கவுண்ட்"னு ஒரு ஈவென்ட் விட்டாங்க, இத கிட்ட வச்சு பாக்கணும், எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் அதிகமா வலிக்கிறது இதுதான். ஐட்டம் வாங்குனா கூடவே ஒரு புதிர் துண்டு வரும், 16 துண்டும் சேந்தா பரிசு. துண்டு "ராண்டமா" கிடைக்கும்னு போட்டிருந்தாங்க. ராண்டம்னு படிச்சா நீயும் நானும் என்ன நெனப்போம், பதினாறுல ஒண்ணுன்னு ஏறக்குறைய சமமா வரும்னுதான நெனப்போம்? ஆனா சில துண்டு வர்ற வாய்ப்பு 0.5ல இருந்து 1.5 சதவீதம்தான். ஒரு ஐட்டம் 900 வோன். கணக்கு போட்டு பாருங்க, 0.5 சதவீதம்னா சராசரியா 200 தடவ வாங்கணும், ஒரே ஒரு துண்டுக்கு 1,80,000 வோன். 400 தடவ வாங்குன 100 பேருல 13 பேருக்கு அப்பவும் அந்த துண்டு வந்திருக்காது. மிச்ச துண்டெல்லாம் சீக்கிரம் சேந்துரும், பதினாலு பதினஞ்சு கையில இருக்கும், இன்னும் ஒண்ணு ரெண்டுதான்னு மனசு சொல்லிட்டே இருக்கும், அந்த ஒண்ணுதான் வராது. அங்கதான் மனுசன் உடையிறான்.

இது எனக்கு ஏன் இவ்ளோ உறைக்குதுன்னா, என் சித்தி பையன் ஒரு மொபைல் ஷூட்டர்ல, பேரு வேணாம், ராத்திரி ஒரே மூச்சுல எம்பது எம்பது ரூபாயா பெட்டி திறந்து காலைல பாத்தா 2,400 ரூபா போயிருந்துச்சு, வந்தது ஒரு பாராசூட் கலர். "அண்ணா, இன்னும் ரெண்டு திறந்தா வந்திருக்கும்ணா"ன்னு அவன் சொன்னப்போ அந்த குரல்ல இருந்த நம்பிக்கைய கேட்டு எனக்கு வயிறு கலங்கிருச்சு. அவன் முட்டாள் இல்ல, நல்லா படிக்கிற பையன். அந்த பெட்டிய டிசைன் பண்ணவங்களுக்கு அவன் மனசு எங்க வழுக்கும்னு நல்லா தெரிஞ்சிருக்கு, அவ்ளோதான்.

கொரியா நியாய வர்த்தக ஆணையம் 2018ல இந்த புதிர் ஈவென்ட்டுக்காக நெக்ஸானுக்கு 93 கோடியே 90 லட்சம் வோன் அபராதம் போட்டுச்சு. பின்னாடி 2024 ஜனவரியில அதே ஆணையம் நெக்ஸானோட மேப்பிள்ஸ்டோரி கேம்ல வித்த க்யூப்ங்கற ராண்டம் ஐட்டம் விஷயத்துல 1,164 கோடி வோன் சொச்சம் போட்டது தனி கதை, ஷூட்டர் இல்ல அது, ஆனா அதுக்கப்புறம்தான் எல்லா கம்பெனியும் நிமிந்து உக்காந்தது. 2024 மார்ச் 22ல இருந்து ராண்டம் ஐட்டத்தோட வாய்ப்பு சதவீதத்த வெளிய போடுறது சட்டப்படி கட்டாயம், அதுவரைக்கும் 2015ல இருந்து கம்பெனிங்களே தாங்களா போட்டுக்குற ஏற்பாடுதான் இருந்துச்சு. சடனும் 2019ல இருந்து சீசன் பாஸ் பக்கம் நல்லா சாஞ்சிருச்சு, ஒரு தொக கட்டுனா விளையாட விளையாட என்னென்ன வரும்னு வரிசையா தெரியும். அது வந்தப்புறம் கேமுக்கு திரும்ப உயிர் வந்துச்சு, ஜனங்க திரும்பி வந்தாங்க. என்ன வரும்னு சொல்லி வித்தாலே வியாபாரம் நடக்கும்னு சடனே காட்டிக் குடுத்த மாதிரி ஆச்சு.

இப்போ வேலரண்ட். ரயட் கம்பெனி 2020 ஜூன்ல விட்டுச்சு, அமெரிக்க கம்பெனிதான், ஆனா லீக் ஆஃப் லெஜண்ட்ஸால கொரியா பீசி பாங்ல அவங்களுக்கு ஏற்கனவே வேரு இருந்துச்சு. ஆரம்பத்துல சடன அசைக்க முடியல, சில வருஷத்துல மெதுவா ஏறி தாண்டிருச்சு. இங்க ராண்டம் பெட்டியே கிடையாது. கையில காசு வாயில தோச, என்ன பாக்குறியோ அதுதான் வாங்குற. ஸ்கின்னால, அதாவது துப்பாக்கி மேல அடிக்கிற பெயிண்ட்டால, துப்பாக்கி ஒரு புள்ளி கூட அதிகமா அடிக்காது.

ஆனா தோச விலதான் ஸ்டார் ஹோட்டல் வில. ஆரம்பத்துல வந்த ப்ரைம் செட்ட எடுத்துக்கங்க, துப்பாக்கி ஸ்கின் ஒண்ணு 1775 பாயின்ட் (காசு குடுத்து வாங்குற கேம் பாயின்ட்), எல்லாத்தையும் சேத்து விக்கிற மொத்த பண்டில் 7100 பாயின்ட். நாலு துப்பாக்கி தனித்தனியா வாங்குனாலும் சரியா 7100தான் வரும், அப்போ பண்டிலா எடுத்தா அந்த செட்ல இருக்குற கோடாரி இனாமா வர்ற மாதிரி. ஒரு ஸ்கின் புடிச்சவன நாலு வாங்க வைக்கிற கணக்கு அது, தெளிவா போட்டிருக்காங்க. அடுத்த மாசமே டிராகன் மாதிரி வாய திறக்குற எல்டர்ஃப்ளேம் வந்துச்சு, பண்டில் 9900. இன்னொண்ணு, உனக்கு வேண்டிய ஸ்கின் எப்பவும் கடையில இருக்காது, தெனமும் நாலு ஸ்கின் மட்டும் உன் கடையில வரும், 24 மணி நேரம் ஆனா மாறிரும், உனக்கு வர்றது வேற எனக்கு வர்றது வேற. மாசக்கணக்குல தெனம் காலைல திறந்து பாத்து பாத்து காத்திருக்குறவங்க இருக்காங்க, ஒரு நாள் திடீர்னு வந்தா அன்னைக்கு கையில காசு இருக்கோ இல்லையோ வாங்கியே ஆகணும்னு ஒரு பதட்டம். பெட்டிய திறக்குறதுல இருந்த சூதாட்டத்த கடை ஜன்னலுக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னா தப்பில்ல. ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, காத்திருக்குறதுக்கு காசு போகாது, தோத்தா 1,80,000 வோன் காணாம போகாது. நான் இந்த எடத்துல வேலரண்ட் பக்கம்தான் நிப்பேன்.

பீசி பாங்ல வேலரண்ட் ஆடுனா எல்லா ஏஜன்ட்டும், அதாவது கேரக்டரும், திறந்திருக்கும். வீட்ல புதுசா ஆரம்பிக்கிறவன் ஒவ்வொருத்தரா ஆடி ஆடி திறக்கணும். நான் முதல்ல சொன்ன நாற்காலி காசு இதுதான்.

பப்ஜி கத நம்மாளுங்களுக்கு சொல்லவே வேணாம். 2017 மார்ச்ல காசு குடுத்து வாங்குற கேமா வந்துச்சு, அந்த வருஷமே கொரியா பீசி பாங்ல லீக் ஆஃப் லெஜண்ட்ஸ முந்துச்சு, அப்புறம் 2022 ஜனவரி 12ல ஃப்ரீ ஆச்சு. காசு குடுத்து வாங்குன கேம்ல பெட்டி சாவின்னு வித்ததே அப்போ பலருக்கு கடுப்பு. ஃப்ரீ ஆனப்புறம் பெட்டி இன்னும் முக்கியமாச்சு, ஸ்கின்ன வாங்கி அப்புறம் அத படிப்படியா வளக்குற சிஸ்டம் வந்துச்சு, வளக்குறதுக்கு தேவையான பொருளும் பெட்டியிலதான். துப்பாக்கி பலம் மாறாது, அது நல்ல விஷயம், ஆனா கண்ணுக்கு அழகா இருக்குறத ராண்டமா விக்கிறதுல இந்த நாலுல பப்ஜிதான் ரொம்ப தூரம் போயிருக்கு. 2024 ஜூன்ல ந்யூஜீன்ஸ்ங்கற கே-பாப் பாட்டுக் குழு பொண்ணுங்களோட ட்ரெஸ் பண்டில் விட்டப்போ, இத்தன தடவ தோத்தா அடுத்து கட்டாயம் வரும்னு புரியுற மாதிரி அறிவிப்பு போட்டாங்க, நிஜத்துல அப்படி வேல செய்யல. பெரிய கலவரம் ஆகி பப்ஜி கம்பெனி க்ராஃப்டான் மன்னிப்பு கேட்டு காசு திருப்பிக் குடுத்துச்சு. சட்டம் வந்து மூணே மாசத்துல! சதவீதத்த போட்டா மட்டும் போதாது, அத எழுதுற பாஷையும் நேர்மையா இருக்கணும்னு இதுல தெரிஞ்சு போச்சு. நம்ம ஊர்ல பிஜிஎம்ஐல, அதாவது பப்ஜியோட இந்திய மொபைல் கேம்ல, யூசிங்கற கேம் காசு போட்டு க்ரேட் பெட்டி திறந்தவங்களுக்கு இந்த ருசி தெரியும், அதே கம்பெனிதான்.

ஓவர்வாட்ச் வித்தியாசமான வழியில வந்துச்சு. 2016 மே மாசம் காசு குடுத்து வாங்குற கேமா வந்து, அடுத்த மாசமே பீசி பாங்ல கிட்டத்தட்ட நாலு வருஷமா முதலிடத்துல இருந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸ கீழ இறக்குச்சு, பீசி பாங்ல உக்காந்தா கேம் வாங்காமலே ஆடலாம்ங்கறது அதுக்கு பெரிய காரணம். 15 வயசுக்கு மேலதான்னு ரேட்டிங் இருந்துச்சு, சின்ன பசங்க ஆடுறத பாத்துட்டு பக்கத்து சீட்டுக்காரங்க போலீசுக்கு போன் பண்ண கதையெல்லாம் அப்போ நடந்தது.

2022 அக்டோபர்ல ஓவர்வாட்ச் 2 ஃப்ரீயா வந்தப்போ பெட்டிய தூக்கிட்டாங்க, சந்தோசப்பட்டேன். ஆனா புது ஹீரோவ பாஸ்ல பூட்டி வச்சாங்க, கிரிகோ வேணும்னா காசில்லாதவன் பாஸ்ல 55வது படி வரைக்கும் ஏறணும், காசு கட்டுனா முதல் நாளே. இது பெயிண்ட் இல்ல, ஆள். எதிர் டீம்ல கிரிகோ இருக்கா, உன் டீம்ல இல்ல, அப்போ அது சமமான சண்டையா? என்னைக் கேட்டா பெட்டிய விட இது மோசம், பெட்டி உன் பர்ஸதான் தொடுது, இது மேட்சையே தொடுது. 2024 ஏப்ரல்ல பத்தாவது சீசன்ல அந்த பூட்ட எடுத்து எல்லா ஹீரோவையும் எல்லாருக்கும் குடுத்துட்டாங்க, சரியான வேல. 2025 பிப்ரவரியில பெட்டி திரும்ப வந்துருச்சு, இந்த தடவ விளையாடி சம்பாதிக்கிற மாதிரி.

இந்த நாலுக்கு வெளிய ரெண்டு பேரு இருக்கு, ரெண்டும் நெக்ஸான் வீட்டு புள்ளைங்க. ஸ்டாக்ஹோம்ல எம்பார்க் ஸ்டூடியோ எடுத்த தி ஃபைனல்ஸ், 2023 டிசம்பர், அழகு சாமான் மட்டும் விக்குது. 2024 ஜூலைல வந்த தி ஃபர்ஸ்ட் டிசெண்டன்ட்ல கேரக்டரையே நேரா காசுக்கு வாங்கலாம், இல்ல பொருள் சேத்து சேத்து எடுக்கலாம், எத்தன சதவீதம்னு போட்டிருக்கு. மத்தவங்களோட மோதுற கேம் இல்லங்கறதால எனக்கு அவ்ளோ உறுத்தல. க்யூப் கேஸ்ல மாட்டுன அதே கம்பெனி குடும்பத்துல இருந்து இப்படி வர்றது நல்லதுதான்.

ஒரு பைசா போடாம ஆடணும்னா வேலரண்ட், அடுத்து இப்போதைய ஓவர்வாட்ச். கொஞ்சம் காசு போடலாம், ஆனா ஏமாறக்கூடாதுன்னா சடனோட சீசன் பாஸ் கூட ஓகேதான், கேப்சூல் பக்கம் போகாம இருந்தா. பப்ஜி ஆட்டம் எனக்கு உயிர், ஆனா அதோட கடைய திறக்குறதில்லன்னு வச்சிருக்கேன்.

கொரியாவுல 18 வயசுக்கு கீழ இருக்குறவங்க பீசி கேம்ல மாசம் 70,000 வோனுக்கு மேல போட முடியாது, பெரியவங்களுக்கு 5,00,000 வோன்னு இருந்த வரம்ப 2019 ஜூன்ல எடுத்துட்டாங்க. இந்த வரம்ப சித்தி பையன்கிட்ட சொன்னேன், "நமக்கும் அப்படி ஒண்ணு இருந்தா அன்னைக்கு ராத்திரி பாதியிலயே நின்னிருக்கும்லணா"ன்னான். இப்போ அவன் போன்ல பேமென்ட்டுக்கு ஓடிபி சித்தி நம்பருக்குதான் போகுது, அத வைக்க சொன்னதும் அவனேதான்.