ஜிம்னிக்கு ரூஃப் கேரியர்: ஓட்டையே விழாது என்று சொல்லி நான்கு ஓட்டை போட்ட கடை

கோவையில் ஒரு ஆக்சஸரீஸ் கடை. பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையை இதே லட்சணத்தில் செய்யும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

வண்டி 5 கதவு மாருதி ஜிம்னி. பேசியது இது: அலுமினியம் கேரியர், கட்டரில், அதாவது கூரையோரத்து மழைநீர்ப் பள்ளத்தில், கவ்வும் கிளாம்ப்பில் உட்காரும், கூரையில் ஒரு ஓட்டைகூட விழாது, தேவையில்லாத நாளில் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கிடைத்தது வேறு. எம்எஸ், அதாவது மைல்ட் ஸ்டீல் என்ற சாதாரண இரும்புப் பைப்பை வெல்டு வைத்துக் கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்த கேரியர், ஆறு கிளாம்ப், அது போதாமல் கூரைத் தகட்டில் நான்கு செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ (தகட்டில் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்குவது), ஒவ்வொன்றின் தலையிலும் கட்டைவிரல் கனத்துக்குச் சிலிக்கான். இரண்டு மழை பெய்ததும் பின்சீட்டுக்கு மேலே ரூஃப் லைனிங்கில் டீ சிந்தின மாதிரி வட்டம். கழற்றச் சொல்லிக் கொண்டுபோனால் அதற்குத் தனிக் கூலி. கட்டர் இரண்டு இடத்தில் வளைந்தது, ஓட்டைகளில் பட்டி வைத்துத் தேய்த்து அனுப்பிவிட்டார்கள்.

முதல் ஏமாற்று பொருளிலேயே நடந்திருக்கிறது. பவுடர் கோட்டிங் ஏறிவிட்டால் அலுமினியமும் எம்எஸ்ஸும் கண்ணுக்கு ஒன்றுதான். ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். எம்எஸ் என்றால் பச்சக்கென்று ஒட்டும், அலுமினியத்தில் வழுக்கி விழும். பில்லில் ‘ரூஃப் கேரியர் - 1’ என்று மட்டும் எழுதி வாங்கியதால்தான் பிறகு கடைக்காரர், ‘சார், நாங்க அலுமினியம் ஃபினிஷ்னுதானே சொன்னோம்’ என்று நின்றார்.

எம்எஸ் என்றால் என்ன கெட்டுப்போயிற்று, உறுதியாகத்தானே இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 25 மி.மீ. சதுர பைப், 2 மி.மீ. கனம், மீட்டருக்குச் சுமார் 1.44 கிலோ. 1.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள கேரியருக்குக் கீழ்ச் சட்டம் 6 மீட்டர், மேல் சட்டம் 6 மீட்டர், குறுக்கே ஆறு பைப் 7.2 மீட்டர், நிற்கும் துண்டுகள் ஒன்றரை மீட்டர். மொத்தம் 20.7 மீட்டர், எடை 29.8 கிலோ. ஜிம்னிக்கு சுசுகி கொடுத்திருக்கும் கூரைச் சுமை வரம்பு 30 கிலோ, அதுவும் கேரியரின் எடையைச் சேர்த்து. அதாவது வெறும் கேரியரோடு வரம்பு தீர்ந்தது. மேலே ஒரு பெட்ஷீட் வைக்கக்கூட இடமில்லை. இதே பைப்பை அலுமினியத்தில் செய்தால் பத்து கிலோ சொச்சம்தான் வரும், ஒரு 20 லிட்டர் தண்ணீர்க் கேனுக்கு ஏறக்குறைய இடம் மிஞ்சும். ஜிம்னி கூரையில் டென்ட் போடலாம் என்று விற்பவர்கள் டென்டின் எடையைச் சொல்ல மாட்டார்கள். சாதாரண ரூஃப் டென்டே 50 கிலோவைத் தாண்டும். 1,645 மி.மீ. அகலமும் 1,720 மி.மீ. உயரமும் உள்ள வண்டி இது. உச்சியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் தெரியும்.

இரண்டாவது விஷயம்தான் வயிற்றெரிச்சல். ஜிம்னியின் கூரைக்கு இரண்டு பக்கமும் மழைநீர்க் கட்டர் ஓடுகிறது. பழைய ஜிப்சியில் இருந்த மாதிரி வெளியே தெரியும் கட்டர். இது உள்ள வண்டிக்குக் கேரியர் மாட்ட ஓட்டையே தேவையில்லை. கிளாம்ப்பின் கொக்கி கட்டர் உதட்டுக்கு அடியில் போக வேண்டும், கால் கட்டரின் பள்ளத்தில் உட்கார வேண்டும், இரண்டுக்கும் நடுவே ரப்பர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பிறகு ஏன் ஓட்டை போட்டார்கள்? கழற்றிய கிளாம்ப்பைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. வேறு வண்டிக்கான கிளாம்ப் அது. கொக்கி நீளமாக இருந்ததால் உதட்டை முழுக்கப் பிடிக்காமல் நுனியில் மட்டும் கவ்வியிருக்கிறது. கேரியர் ஆடியது. ஆட்டத்தை நிறுத்த இம்பேக்ட் கன் என்ற முடுக்கும் மெஷினால் முடுக்கினார்கள், கட்டர் உதடு விரிந்தது, தகடுகள் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் பூசியிருக்கும் சீம் சீலர் விரிசல் விட்டது. அப்போதும் ஆடியது. கடைசியில் டிரில்லை எடுத்துவிட்டார்கள். சரியான கிளாம்ப்பை வரவழைக்க இரண்டு நாள் ஆகியிருக்கும், வேறொன்றுமில்லை.

ஒழுங்காக மாட்டும் முறை இது. கட்டரை பிரஷ்ஷால் துடைத்து மண்ணை எடுக்க வேண்டும். மண்ணோடு ரப்பரை வைத்தால் அது உப்புத்தாள் வேலை பார்க்கும். கிளாம்ப்புகளை எல்லாம் கையால் மட்டும் முடுக்கி நிறுத்தி, கேரியரின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளக்க வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, நகர்த்துங்கள். பிறகு முன் இடது, பின் வலது என்று குறுக்குமறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்க வேண்டும். கிட்டோடு வரும் தாளில் உள்ள டார்க் அளவுதான், அதாவது எவ்வளவு விசையில் முடுக்கலாம் என்ற கணக்குதான், வேதம். தாளே இல்லாத லோக்கல் கிளாம்ப் என்றால் எம்6 (6 மி.மீ. மரை) போல்ட்டுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாத கடை என்றால் சிறிய ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து முடுக்கச் சொல்லுங்கள், நீட்டுக் கையை அல்ல. முடித்ததும் எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். கிளாம்ப்பின் அடிப்பாகம் கதவு ரப்பரில் இடிக்கிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தை விட்டு இழுத்தால் தெரியும். 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு சுற்று முடுக்கிப் பார்ப்பது கட்டாயம். ரப்பர் அமுங்கிக் கொடுத்திருக்கும். மலைப்பாதை, மண்பாதை போய்வந்தாலும் அப்படியே.

இனி அந்த ஸ்க்ரூக்கள். கூரைத் தகட்டின் கனம் சுமார் 0.7 மி.மீ.தான். செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவுக்கு அதில் ஒரு மரை பிடித்தாலே பெரிய விஷயம். நூறு கிலோமீட்டர் அதிர்வில் ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ ஆட ஆரம்பிக்கும், சிலிக்கான் ஓரம் பிரியும், தண்ணீர் இறங்கும். அவர்கள் வைத்ததும் கண்ணாடி மீன்தொட்டி ஒட்டும் ரகம், காடி வாசனை அடிப்பது. காயும்போது அசெட்டிக் அமிலம் விடும்; வெட்டுப்பட்ட வெறும் தகட்டில் அதை வைத்தால் துரு உள்ளிருந்தே கிளம்பும். வாகனத்துக்குப் பாலியூரிதேன் சீலன்ட்தான். அதையும் ஓட்டையின் ஓரத்துக்கு எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகே வைக்க வேண்டும்.

டிரில் போட்ட பிசிறைத் துணியால் துடைத்திருக்கிறார்கள். இரும்புத் துகள் பெயின்டைக் கீறி அதிலேயே பதிந்து, சில நாளில் கூரை முழுக்க ஆரஞ்சுப் புள்ளி. வாக்யூமாலும் காந்தத்தாலும் எடுத்துவிட்டுப் பிறகுதான் துடைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அபாயமானது வேறு. இந்தியாவில் விற்கும் ஜிம்னியில் ஆறு ஏர்பேக். அதில் இரண்டு கர்ட்டன் ஏர்பேக், கதவுகளுக்கு மேலே கூரையின் பக்கவாட்டில், லைனிங்குக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கூரையின் ஓரத்தில் 25 மி.மீ. ஸ்க்ரூவைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினால் நுனி எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். லைனிங்கை இறக்காமல் கூரையில் டிரில்லை வைக்கும் யாரிடமும் வண்டியை விடாதீர்கள்.

கழற்றும்போது நடந்தது தனிக் கதை. துரு ஏறிய மரையை நனைக்காமல் திருகி, வராத கிளாம்ப்பைக் கடப்பாரைக் கம்பியால் நெம்பியிருக்கிறார்கள். முந்தின நாள் ராத்திரியே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டால் பாதிப் போல்ட் கையோடு வரும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் என்றால் வேறு சிக்கல்: கன்னால் வேகமாகச் சுற்றினால் சூடேறி மரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெதுவாக, ஸ்பேனரால், கால் சுற்று முன்னும் பின்னுமாக. அப்படியும் இறுகினால் போல்ட்டை அறுத்தெறியுங்கள், புதிய போல்ட் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அறுக்கும்போது கிரைண்டர் பொறி கண்ணாடியிலும் பெயின்டிலும் தெறிக்காமல் ஈரச்சாக்கு போட வேண்டும். மறுபடி மாட்டும்போது மரையில் ஆன்ட்டி சீஸ் என்ற, மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசையைத் தடவினால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

வேறு சில வண்டிகளில் ரிவெட் நட் (தகட்டு ஓட்டையில் பொருத்தி இறுக்கும் மரையுள்ள குழல்) போட்டுக் கேரியர் பூட்டுவார்கள். அங்கே ஓட்டை அளவில்தான் கோட்டை விடுகிறார்கள். எம்6 ரிவெட் நட்டுக்கு 9 மி.மீ., எம்8க்கு 11 மி.மீ. கையில் இருக்கிற 10 மி.மீ. பிட்டால் எம்6க்குத் துளைத்தால் மாட்டும்போது நிற்கும், கழற்றும்போது போல்ட்டோடு சேர்ந்து சுற்றும்.

ஓட்டையில் பட்டி வைத்தது வேலையே அல்ல. பாலியஸ்டர் பட்டி ஈரத்தை இழுக்கும். அடியிலிருந்து நீர்க்கசிவு பட்டால் ஒரு மழைக்காலத்தில் கொப்பளித்து உதிரும். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, லைனிங்கை இறக்க வேண்டும். சிலிக்கானை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும், மிச்சம் இருந்தால் பெயின்ட் ஒட்டாமல் விலகி மீன்கண் மாதிரி வட்டக் குழி விடும். வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, அடிப்பக்கத்தில் சிறு தகட்டு வில்லையை இரண்டு பாகப் பேனல் பசையால் ஒட்டி, மேலே மட்டம் செய்து எபாக்ஸி பிரைமர், கலர், கிளியர். வெல்டு வைத்தாலும் தகும், ஆனால் மெல்லிய கூரைத் தகடு சூட்டில் நெளியும். கை தேர்ந்த டிங்கரிங் ஆள் வேண்டும். உள்ளே வெட்டுப்பட்ட ஓரங்களுக்கு மெழுகு ஸ்ப்ரே அடிக்க மறக்கக் கூடாது.

கேரியரோடு ‘ஃப்ரீ’யாகக் கொடுத்த லைட் பாரைப் பற்றியும் ஒரு வரி: 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். ரூம் லைட் ஒயரிலிருந்து எடுத்திருந்தார்கள். ரிலேவும் இல்லை, தனி ஃபியூஸும் இல்லை. 2.5 சதுர மி.மீ. ஒயர், பேட்டரி அருகே 15 ஆம்பியர் ஃபியூஸ், இது இல்லாத இணைப்பை அன்றே துண்டியுங்கள்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உடனே செய்ய வேண்டியது: கழற்றும் முன்பே ஒவ்வொரு ஓட்டையையும் கிளாம்ப்பையும் ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுங்கள், லைனிங் கறையையும் சேர்த்து. கேரியரைத் தராசில் வைத்து எடை போட்ட சீட்டை வாங்குங்கள். கழற்றிய ஸ்க்ரூ, கிளாம்ப் எதையும் கடையில் விட்டுவராமல் கவரில் போட்டு வையுங்கள். வேறொரு பட்டறையில் ரிப்பேர் எஸ்டிமேட் எழுத்தில் வாங்கி, கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.