ஸ்டீல்னு சொல்லி வித்த மேஷர் மூணே வாரத்துல உரிஞ்சுருச்சு, வாங்குறவங்க கவனிங்க

வேகவெச்ச காய், கிழங்கு மசிக்க ஆன்லைன்ல ஒரு மேஷர் வாங்கி நல்லா ஏமாந்துட்டேன். "முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துரு பிடிக்கவே பிடிக்காது"ன்னு போட்டிருந்தாங்க, போட்டோவும் பளபளன்னு இருந்துச்சு, நம்பி ஆர்டர் போட்டுட்டேன். அம்மாவுக்கு பல் செட் இன்னும் சரியா பொருந்தல, எதுவா இருந்தாலும் மசிச்சுதான் குடுக்கணும், அதனால தினம் ரெண்டு வேளையும் அதுக்கு வேலைதான்.

மூணாவது வாரம் சாப்பிட்டுட்டு இருக்கும்போது "ஏதோ நெருடுது"ன்னு அம்மா நாக்கு நுனியிலேர்ந்து ஒண்ண எடுத்து விரல்ல வெச்சு காமிச்சாங்க. நகத்துண்டு அளவு கூட இல்ல, ஜிகினா மாதிரி மெல்லிசா ஒரு சில்லு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. மேஷர வெளிச்சத்துல புடிச்சு பாத்தா, ஓட்டை போட்ட தட்டோட விளிம்புல பூச்சு கொப்புளம் மாதிரி எழும்பி உரிஞ்சிருக்கு, அடியில செம்பழுப்பா துரு. சாதா இரும்புக்கு குரோம் முலாம் பூசி ஸ்டெயின்லெஸ்னு வித்திருக்காங்க! கைப்பிடிய கவுத்தா பழுப்புத் தண்ணி சொட்டுது, உள்ள வெறும் குழாய், ஜாயின்ட்ல மயிரிழை இடைவெளி, கழுவுற தண்ணியெல்லாம் உள்ள போய் தேங்கி, மசிக்கறப்ப சாப்பாட்டுலதான் இறங்கிருக்கு.

வித்தவங்ககிட்ட கேட்டா முதல்ல ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சுன்னாங்க, அப்புறம் நான் சரியா துடைச்சு வெக்கலயாம். துரு பிடிக்காதுன்னு எழுதி வித்துட்டு இப்படி சொல்றது அநியாயம்.

காந்தம் வெச்சு பாத்தா போதும், ஒட்டலன்னா நல்ல ஸ்டெயின்லெஸ்னு நிறைய பேர் சொல்வாங்க, அத மட்டும் நம்பாதீங்க. ஸ்டெயின்லெஸ்ல பல கிரேடு இருக்கு, நம்பர் வெச்சு சொல்வாங்க. 430 கிரேடும் ஸ்டெயின்லெஸ்தான், அதுலயும் காந்தம் ஒட்டும். 202ல பெருசா ஒட்டாது, ஆனா அது 304 அளவுக்கு துருவ தாங்காது. 304னோ 18/8னோ (304 கிரேடத்தான் இப்படியும் எழுதுவாங்க) பொருள்லயே அடிச்சிருக்கான்னு பாருங்க, வாங்குறதுக்கு முன்னாடியே கிரேடு என்னன்னு எழுத்துல கேட்டு வாங்கி வெச்சுக்கங்க. என்னைக் கேட்டா அதைவிட முக்கியம் ஜாயின்ட். கம்பி தட்டுல சேர்ற இடம் சுத்தி முழுசா வெல்டு ஆகியிருக்கணும், என்னுதுல ரெண்டே புள்ளிதான் வெச்சிருந்தாங்க. வந்த அன்னைக்கே தண்ணியில முக்கி எடுத்து காதுகிட்ட வெச்சு குலுக்குங்க, சளக் சளக்னு கேட்டா உடனே திருப்பி அனுப்பிருங்க.

நடுவுல ரெண்டு நாள் உருளைக்கிழங்க மிக்ஸில அடிச்சேன், அது இன்னும் தப்பு, வேகமா அடிச்சா செல் உடைஞ்சு மாவுச்சத்து வெளிய வந்து பசை மாதிரி இழுக்குது, அம்மாவால முழுங்கவே முடியல. நைலான் மேஷரும் பாத்தேன், நான்ஸ்டிக் பாத்திரத்துக்கு அது நல்லதுதான், ஆனா பாலிஅமைடு (நைலான்தான்) கரண்டி வகையெல்லாம் 70 டிகிரிக்கு மேல சூடான சாப்பாட்டுல முடிஞ்சவரை கொஞ்ச நேரம்தான் படணும்னு ஜெர்மனியோட இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு, அடுப்புலருந்து இறக்கின உடனே மசிக்கற எனக்கு அது ஒத்துவராதுன்னு விட்டுட்டேன். கட்டியே இல்லாம மைய வேணும்னா சின்ன ஓட்டை வழியா அழுத்திப் பிழியற ரைசர்தான் சரி, வளைஞ்ச கம்பி மேஷர்ல கட்டி நிக்கும்.

உரிஞ்ச மேஷர தூக்கிப் போடல, பில்லோட ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்கேன், புகார் இன்னும் முடியல. உங்க வீட்டு மேஷரையும் ஒரு தடவ கவுத்து விளிம்பத் தடவிப் பாருங்க, முக்கியமா கைக்குழந்தையோ பெரியவங்களோ இருந்தா.