அடைவுநிலையா, யூகேஎம்1-ஆ, விஸ்க்கா?

நான்காம் ஆண்டு படிக்கும் மகள் வீட்டில் ஓயாமல் கேள்வி கேட்பாள். பள்ளியிலோ கணக்குத் தாளைப் பாதியில் விட்டுவிட்டு வருவாள். "கெட்டிக்காரிதான், கவனம் போதாது" என்றார் ஆசிரியை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பிள்ளையின் திறமையை அளக்கப் பள்ளி மதிப்பீடு, யூகேஎம்1, விஸ்க் என்று ஒவ்வொன்றாக மூன்றையும் பார்த்துவிட்டோம்.

பள்ளியில் இருப்பது வகுப்புசார் மதிப்பீடு, 1 முதல் 6 வரை அடைவுநிலை. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் போனபின் ஏ எண்ணும் தொல்லை குறைந்தது, சரி. ஆனால் 6-க்கு மேல் படியே கிடையாது. எட்டிவிட்ட பிள்ளை அங்கேயே நிற்க வேண்டியதுதான். 1996 முதல் 2000 வரை பி.டி.எஸ். என்று ஒரு தேர்வு இருந்தது: மூன்றாம் ஆண்டில் தேறினால் நேரே ஐந்தாம் ஆண்டு. என்கூடப் படித்த ஒருத்தி அப்படித் தாண்டிப் போனாள். ஓய்வு நேரத்தில் மட்டும் திரும்பி வந்து எங்களோடுதான் சாப்பிடுவாள்.

யூகேஎம்1, மேதைப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் சோதனை. நாங்கள் எழுத வைத்தபோது காசு கேட்கவில்லை. தேறினால் அடுத்த கட்டம் யூகேஎம்2. இது ஒரு சல்லடை, அவ்வளவுதான். எங்கே தடுக்கிறது என்று சொல்லாது. வீட்டு மேசையில் எழுதும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விரலை நீட்டினால் யார் பார்ப்பது?

விஸ்க் வேறு ரகம், பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் சோதனை. உளவியலாளர் பிள்ளையோடு எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்வது. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை வைத்துப் படத்தைப் போல அடுக்கச் சொல்வார்; எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொல்வார். சராசரி 100, 130-ஐத் தாண்டுவது நூற்றில் சுமார் இருவர்தான். நாங்கள் கொடுத்தது ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல்.

வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், சோதனையோ ஆங்கிலத்தில். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டபோது, "தமிழில் சொல்லலாமா?" என்றாளாம். கூடாது. சொல்வளப் பகுதி இறங்கியது, மொத்த எண்ணும் கூடவே இறங்கியது. அந்த ஒற்றை எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் ஏமாந்திருப்போம். மொழி வேண்டாத ரேவன் சோதனையில், 1938 முதல் வழக்கில் உள்ளது அது, விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடித்தால் போதும். ஆனால் அது ஒரே ஒரு திறமையைத்தான் தொடுகிறது.

எண்ணை நம்பிக் கதவைச் சாத்துவது பழைய தவறுதான். 1921-இல் கலிபோர்னியாவில் டெர்மன் என்ற உளவியலாளர் அறிவுத்திறன் சோதனை வைத்து மேதைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார். அப்போது மதிப்பெண் போதாமல் விடுபட்ட ஷாக்லியும் அல்வாரெசும் பின்னாளில் இயற்பியலில் நோபல் வாங்கினார்கள்.

ஆனாலும் விஸ்க்குக்குக் கொடுத்த பணம் வீண் என்று சொல்லமாட்டேன். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் சோதனையின் ஐந்து பிரிவுகளுக்கும் மதிப்பெண் தனித்தனியாக இருந்தது. யோசிக்கும் திறன் உச்சத்தில். வேகம் மட்டும் தரையில். கவனக்குறைவு இல்லை, கை மெதுவாக ஓடுகிறது. பள்ளியும் யூகேஎம்1-உம் இதைச் சொல்லியிருக்க வழியில்லை.

அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஆசிரியையிடம் கொடுத்தேன். வகுப்புத் தேர்வுகளில் பத்து நிமிடம் கூடுதலாகத் தருகிறார். போன வாரம் கணக்குத் தாளின் கடைசிப் பக்கத்திலும் பென்சில் பட்டிருந்தது. அவள் தம்பிக்கு அதற்குரிய வயது வந்ததும் யூகேஎம்1 போதும். அவன் விஷயத்தில் எங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.