கார்த்தஹேனாவில் 3 இரவுகள்: மதிலுக்குள்ளா, ஹெத்செமனியா, போக்காகிராந்தேயா?

கொலம்பியாவின் கரீபியக் கரையில் இருக்கிறது கார்த்தஹேனா. மூன்று இரவு ஒதுக்கினால் முழுசாகக் கையில் கிடைப்பது இரண்டு பகல். மதில் சூழ்ந்த பழைய நகரம் சின்னது, தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. வெயில்தான் பிரச்சினை. எந்த மாதம் போனாலும் பகலில் 30 டிகிரியைத் தொடும், புழுக்கம் வேறு. காலை 11 மணிக்கு மேல் சுற்றினால் மாலைக்குள் ஆள் ஓய்ந்துபோவார். அதனால் அறை எடுக்க எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: மதியம் நடந்தே திரும்பி, குளித்து, ஒரு தூக்கம் போட்டு, 4 மணிக்கு மறுபடி கிளம்ப முடிகிறதா?

மதிலுக்குள் முடிகிறது, ஆனால் தலைப்பில் சொன்ன மூன்று பகுதிகளில் விலை கூடிய இடம் இதுதான். மணிக்கூண்டு, சான் பெத்ரோ கிளாவெர் தேவாலயம், பொலிவார் சதுக்கம், அதன் ஓரத்தில் பழைய மத விசாரணை மன்றத்தின் மாளிகை எல்லாம் மதிலுக்குள் இருக்கும் மையப் பகுதியான சென்ட்ரோவில் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ராத்திரியில் சத்தமும் அங்கேதான். அதே மதிலுக்குள் வடக்கே உள்ள சான் தியேகோ அமைதியானது. அங்கிருந்து லாஸ் போவெதாஸ் என்ற பழைய வளைவு அறைகளின் வரிசைப் பக்கம் போய் மதில்மேல் ஏறலாம், கட்டணம் கிடையாது. ஏறும்போது கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள். பல கற்கள் கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறை. மூளை மடிப்பு போன்ற அதன் வரிகள் இன்னும் விரலில் தட்டுப்படும்.

இங்குள்ள விடுதிகளில் பல, நடுவே முற்றம் வைத்த பழைய வீடுகள். தெருப்பக்க அறைக்கு அழகான மர பால்கனி இருக்கும், கூடவே நள்ளிரவு இரைச்சலும். உள்பக்க அறை அமைதியாக இருக்கும், ஆனால் சிலவற்றில் வெளியே திறக்கும் ஜன்னலே இருக்காது. லிஃப்ட் இல்லாத வீடுகளும் உண்டு. இந்த மூன்றையும் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹெத்செமனி மணிக்கூண்டிலிருந்து சுமார் பத்து நிமிட நடை. பெயர் விவிலியத்தின் கெத்செமனே தோட்டம்தான். கைவினைஞர்களும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் வாழ்ந்த பேட்டை இது. 1811 நவம்பர் 11 அன்று ஸ்பெயினிடமிருந்து விடுதலையை அறிவிக்கச் செய்த கூட்டம் இங்கிருந்துதான் திரண்டது. அறை வாடகை மதிலுக்குள் இருப்பதைவிடப் பொதுவாகக் குறைவு, சாப்பாடும் அப்படியே. மாலையில் தெருவோரம் அரேப்பா தே ஊவோ சுடுவதை நின்று பாருங்கள். மக்காச்சோள மாவைத் தட்டி எண்ணெயில் போடுவார்கள். அது உப்பியதும் எடுத்து, ஓரத்தைக் கீறி, பச்சை முட்டையை உள்ளே உடைத்து ஊற்றி, வாயை மாவால் அடைத்து மறுபடி பொரிப்பார்கள். உள்ளே கொதிக்கும், ஆறவிட்டுக் கடியுங்கள்.

ஹெத்செமனியின் பெரிய வசதி சான் ஃபெலிப்பே கோட்டை. பாலத்தைக் கடந்து கால் மணி நேரம் நடந்தால் போதும். 1741-இல் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னனின் ஆங்கிலேயப் படை மோதித் தோற்றது இந்தக் கோட்டையில்தான். மேலே நிழல் அறவே இல்லை, கல் வெப்பத்தைத் திருப்பி அடிக்கும். திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள். முதலில் உச்சிக்கு ஏறி, வெயில் ஏறிய பிறகு சுரங்கப் பாதைகளில் இறங்குவதுதான் சரியான வரிசை. ஹெத்செமனியின் குறை திரினிதாத் சதுக்கம்: நள்ளிரவு தாண்டியும் பாட்டும் பேச்சும் ஓயாது. இரண்டு, மூன்று தெரு தள்ளி அறை எடுங்கள். முடிந்தால் உள்ளூர்க்காரர் நடத்தும் வீட்டில் தங்குங்கள். வாடகை ஏறியதால் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் தரும் பணம், இன்னும் அங்கே மிஞ்சியிருக்கும் குடும்பங்களுக்காவது போகட்டும்.

போக்காகிராந்தே கடலுக்குள் நீண்ட நிலத்தில் நிற்கும் அடுக்குமாடி வரிசை. லிஃப்ட், நீச்சல் குளம், வேலை செய்யும் ஏசி எல்லாம் கிடைக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் இதையே எடுங்கள். கடற்கரைக்காக எடுக்காதீர்கள்: மணல் சாம்பல் நிறம், தண்ணீர் கலங்கல். 'இலவசம், சும்மா பாருங்கள்' என்று தோளைப் பிடித்து மசாஜ் தொடங்குபவர் முடிவில் பெரிய தொகை கேட்பார். ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று நகர்ந்துவிடுங்கள். பழைய நகருக்கு ஒவ்வொரு முறையும் டாக்சி வேண்டும். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடியுங்கள். மதியம் அறைக்கு வந்துபோகும் திட்டம் இங்கேதான் உடைகிறது.

நல்ல உடல்நிலையில் இருவர் போவதானால் ஹெத்செமனி. தூக்கம் முக்கியம், பணம் இடம் கொடுக்கிறது என்றால் சான் தியேகோ.

இரண்டாம் நாள் கடலா என்பது அடுத்த கேள்வி. ரொசாரியோ தீவுகளுக்குப் படகு லா போதெகீத்தா துறையிலிருந்து காலையில் கிளம்பும், ஒரு மணி நேரம் வரை ஆகும். பிற்பகலில் காற்று ஏறிக் கடல் குதிக்கும் என்பதால் 3 மணி வாக்கில் திருப்பிவிடுவார்கள். முன் இருக்கையில் முதுகு அடிவாங்கும். பின்பக்கம் உட்காருங்கள், போனை நீர் புகாத பையில் போடுங்கள். துறைமுகக் கட்டணம் பெரும்பாலும் டிக்கெட் விலையில் சேராது, அதற்குக் கையில் ரொக்கமாக பெசோ (கொலம்பிய நாணயம்) வேண்டும். பல தீவுகள் சுற்றும் மலிவுப் பயணத்தில் படகு மீன் காட்சியகத்தில் நிற்கும். அதற்குத் தனி நுழைவுச்சீட்டு, வாங்காதவர்கள் காத்திருக்க வேண்டும். ஒரே தீவில் இறக்கி விட்டு, மதியச் சாப்பாடும் தரும் பயணம் விலை கூடினாலும் அதுவே மேல். பாரூ பகுதியின் பிளாயா பிளாங்கா கடற்கரைக்குச் சாலை வழியாகவே போகலாம், அலைக்குப் பயப்படுபவர்களுக்கு அது சரி. மணல் வெள்ளை, கூட்டம் மிக அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் காற்று பலமாக இருந்தால் படகை விட்டுவிட்டு சாலையில் போங்கள்.

அக்டோபர், நவம்பர் மழை மாதங்கள். கடல் ஏற்றமும் சேர்ந்தால் போக்காகிராந்தே தெருக்களில் தண்ணீர் நிற்கும்.

இந்தியா திரும்புபவர்களுக்கு ஒன்று: மஞ்சள் காய்ச்சல் அபாய நாடுகளின் இந்தியப் பட்டியலில் கொலம்பியாவும் உண்டு. தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். விமான டிக்கெட் எடுத்த கையோடு இதற்கும் நாள் குறித்துவிடுங்கள்.