ஜிப்சம் போர்டு சுவரில் ஆளுயரக் கண்ணாடி: ஸ்பிரிங் டாகிள் போல்ட் வாங்கலாமா?

வாங்கலாம். கனமான கண்ணாடியை ஜிப்சம் போர்டில் மாட்டப் போகிறீர்கள் என்றால் இதைத்தான் வாங்க வேண்டும், பிளாஸ்டிக் பிளக் பக்கமே போகாதீர்கள்.

எங்கள் வீட்டு மாடியறையைப் பிரித்திருப்பது பன்னிரண்டரை மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு, அதில் ஐந்தடி உயரம் இரண்டடி அகலக் கண்ணாடி மாட்ட வேண்டும். 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ வரும், அப்படிப் பார்த்தால் கண்ணாடி மட்டும் 11 கிலோவுக்கு மேல், மரச்சட்டத்தையும் சேர்த்தால் 15 கிலோவை நெருங்கும். களியக்காவிளை தாண்டி ஒரு கடையில் கேட்டதற்கு எதுவும் விசாரிக்காமல் பிளாஸ்டிக் பிளக்கை எடுத்து நீட்டினார்கள். செங்கல் சுவரில் அது நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் ஸ்க்ரூ ஏற ஏற பிளக் விரிந்து செங்கல்லை நெருக்குகிறது. ஜிப்சத்தில் நெருக்கினால் உள்ளே பொடிதான் உதிரும்.

மார்த்தாண்டத்தில் நான் வாங்கிய கடை அண்ணன் முதலில் கேட்டதே, "மக்கா, சுவரு செங்கல்லா போர்டா?" என்றுதான். இந்த ஒரு கேள்விக்காகவே அந்தக் கடைக்குத் திரும்பப் போவேன். அவர் கொடுத்த டாகிளில் ஸ்பிரிங் வைத்த இரண்டு இறக்கைகள் இருக்கின்றன, மடக்கித் துளைக்குள் தள்ளினால் போர்டுக்குப் பின்னால் போய் விரிந்துகொள்ளும், போல்ட்டை முறுக்கும்போது போர்டின் பின்பக்கத்தை அகலமாகப் பிடித்துக்கொள்ளும். பாரம் ஒரு புள்ளியில் விழாமல் பரவுகிறது, விஷயமே அதுதான்.

ஆனால் டாகிளை மட்டும் நம்ப வேண்டாம். போர்டுக்குப் பின்னால் அதைத் தாங்கும் ஜிஐ சேனல், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், பெரும்பாலும் 2 அடிக்கு ஒன்று நிற்கும், ஒரு சின்னக் காந்தத்தைச் சுவரில் மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் போர்டு ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒட்டும், அந்த வரிசைதான் சேனல். ஒரு பக்கத்துக்குச் சேனல் கிடைத்தது, அதில் இரும்பைத் தானே துளைத்து ஏறும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போட்டேன், மறுபக்கம் டாகிள். துளை போடுவதற்கு முன் உள்ளே கரண்ட் வயர் போகிறதா என்று பார்த்துவிடுங்கள், சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் தொடவே கூடாது. அப்புறம், பின்னால் கம்பி கட்டி ஒற்றை ஆணியில் தொங்கவிடும் பழக்கம் இந்த எடைக்கு ஆகாது: கம்பி எவ்வளவு தட்டையாக நிற்கிறதோ அவ்வளவுக்கு அதில் இழுவிசை ஏறும், சட்டத்து வளையம் பிய்ந்து வரும். இரண்டு வளையம், இரண்டு கொக்கி, ஒரே மட்டம்.

குறைகளும் உண்டு. இறக்கை நுழைய அரை அங்குலத்துக்கும் பெரிய துளை வேண்டும், கொக்கியின் தகடு சின்னதாக இருந்தால் துளை வெளியே தெரியும். போல்ட்டை முழுதாகக் கழற்றினால் இறக்கை சுவருக்குள் விழுந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது, புதிதுதான் வாங்க வேண்டும். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் கிலோ கணக்கு பெரும்பாலும் பிய்ந்து வரும் எடை, அதில் நாலில் ஒரு பங்கைத்தான் நான் கணக்கில் எடுத்தேன்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் கடந்தும் கண்ணாடி இம்மியும் இறங்கவில்லை. ஆனால் குளியலறைச் சுவர் என்றால் யோசியுங்கள், ஈரம் குடித்த ஜிப்சம் மெத்தென்று ஆகிவிடும், எந்த டாகிளும் அதைப் பிடித்து நிற்காது. பச்சை நிற ஈரத்தடுப்பு போர்டா என்று முதலில் பாருங்கள்.

கண்ணாடி ஆடாமல் இருக்கப் பின்னால் சிலிக்கான் வைக்கிறவர்கள் வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிருங்கள், அது ரசப்பூச்சை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்க வேண்டும், அதே கடையில் இருக்கிறது.